எட்டில் நின்ற எண்ணிக்கை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்கு, நடுவர் எட்டு வரை எண்ணி முடித்திருந்தபோது, நிதாய் கோஷ் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய காட்சி வரையில் எட்டு என்ற எண்ணுக்கு அவன் முழங்காலை ஊன்றி, கயிற்றைப் பிடித்து, உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான், எழுந்த வேகத்தில் இடக்கையால் ஒரே ஒரு குத்து விடுவான், கறுப்பு டவுசர் போட்ட எதிராளி மரம் சாய்வதுபோல் சாய்வான், தியேட்டரின் தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் விசில் சத்தத்தில் பறந்துபோய் அடுத்த காட்சிக்குத்தான் திரும்பும். அன்று புறாக்கள் பறக்கவில்லை. நிதாய் நீல விரிப்பின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான், நடுவர் எட்டு விரல்களைக் காட்டியபடி குனிந்திருந்தார், கறுப்பு டவுசர் நின்றுகொண்டிருந்தான். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிதாயின் விலா ஏறி இறங்குவது பின்வரிசைக்கும் தெரிந்தது.

திருப்பூரை ஒட்டிய செங்காட்டுப்பாளையத்தில் சம்பூர்ணா டாக்கீஸ் என்ற பெயரில் ஒரு தியேட்டர் இருக்கிறது. கட்டியவர் தன் ஒரே மகளின் பெயரை அதற்கு வைத்தார். அந்த மகள் சம்பூர்ணம் இப்போது அதன் உரிமையாளர், டிக்கெட் கிழிப்பவர், படம் ஓட்டுபவர் எல்லாமே. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் வங்காளத்துக்காரர்களுக்காக ஞாயிறு காலைக் காட்சியில் அவர் வங்காளப் படம் போடுவார். அந்த வருடம் வந்தது ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதை. சணல் ஆலை மூடியதும், ஆலைத் தொழிலாளியின் மகன் நிதாய் கோஷ் கையுறை மாட்டிக்கொள்கிறான் என்பதெல்லாம் வங்காளத்துக்காரர்களுக்குப் புரிந்தது. உள்ளூர்க்காரர்களுக்குப் படத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை. திரையில் சண்டை பார்க்கும் முன்வரிசையில் அழும் பெண் நிதாய்க்கு அக்காவா, கட்டிக்கொள்ளப் போகிறவளா என்று கடைசி வரை இரண்டு கட்சி இருந்தது. ஆனால் சண்டைக்கு மொழி எதற்கு? முதல் வாரம் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், மூன்றாவது வாரம் பாதி அரங்கு உள்ளூர்க் கூட்டம், அதன்பிறகு தினசரி எல்லாக் காட்சிகளும் அந்தப் படமே என்றானது.

அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. சண்டை முடிந்ததும் கூட்டம் “ஒன்ஸ் மோர்” என்று கத்தும். சம்பூர்ணம் மறுக்காமல் பின்னுக்கு ஓட்டி மறுபடி போடுவார். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த தியேட்டரின் பெருமையே அதுதான். பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்டால் யாருக்கும் நோவதில்லை. இந்தச் சண்டையிலோ நிதாய் ஜெயிப்பது அரை நிமிடம், அதற்கு முன் அடி வாங்குவது ஒன்பது நிமிடம். ஜெயிப்பதை மட்டும் போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அடியைப் பார்க்காமல் எழுவதைப் பார்த்தால் அதில் காரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் அவன் முதல் அடியிலிருந்து மறுபடி வாங்கினான், தாடையில் வாங்கினான், விலாவில் வாங்கினான், இடது புருவம் கிழிந்து மூடியது, மறுபடி கிழிந்தது. தீபாவளி வாரத்தில் ஒரே காட்சியில் ஏழு முறை எழுந்திருக்கிறான்.

எழாத அன்று சம்பூர்ணம் மெஷினை நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தார். படம் முதலிலிருந்து தொடங்கவில்லை. படுத்த இடத்தில், படுத்த வாக்கில், நிதாய் இருந்தான். புருவத்து ரத்தம் மட்டும் கொஞ்சம் உலர்ந்திருந்தது.

“மிசின் கோளாறுங்களா அக்கா?” என்று கீழே இருந்து கேட்டார் ஈஸ்வரமூர்த்தி. பனியன் துணி வெட்டும் கட்டிங் கான்ட்ராக்டர், ஊரிலேயே நீளமான விசிலுக்குச் சொந்தக்காரர், பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு தோளில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒன்ஸ் மோர் என்ற முதல் குரல் எப்போதும் அவருடையது.

“மிசின் நல்லாத்தான் இருக்குது. ஆளுக்குத்தான் முடியல,” என்றார் சம்பூர்ணம், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

“முடியலைன்னா?”

“முடியலைன்னா முடியல. நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ எந்திரிப்பீங்க?”

அரங்கில் யாரும் இதை மறுக்கவில்லை. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். களைப்பு என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சான்று கேட்கிற பழக்கம் அவர்களிடம் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலி சத்தம் போடாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

படத்தை அனுப்பிய கோயமுத்தூர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மற்ற ஊர்களிலெல்லாம் நிதாய் நேரத்துக்கு எழுந்துகொண்டிருப்பதாகவும், இங்கே எழாததற்குத் தன் கம்பெனி பொறுப்பில்லை என்றும் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு காரணத்தைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை, செய்ய வேண்டியதைப் பற்றித்தான் பேசினார்கள். சம்பூர்ணம் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பனியன் ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கும் பெண்கள் திரைக்குக் கீழே இளநீர் வைத்தார்கள், மறுநாள் அது காலியாக இருந்ததா, பூனை தட்டிவிட்டதா என்று ஆராய வேண்டாம் என முடிவானது. ஏசியைக் கூட்டினால் வேர்வை நிற்கும் என்றார்கள், கூட்டியதும் நிதாயின் தோள் சிலிர்த்தது, குறைத்தார்கள். மாரியம்மன் ஊர்வலத்தின் பறைமேளம் தியேட்டர் வீதி முக்கில் நின்றது, வீதியைச் சத்தமில்லாமல் கடந்து, அடுத்த முக்கில் மறுபடி தொடங்கியது. ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை ஒரு கம்பெனி முதலாளி கூட்டி வந்து காட்டினார். அவர் தொப்பியைக் கழற்றி அரை மணி நேரம் நின்றுவிட்டு, இதனால் டெலிவரி தேதி தள்ளிப்போகாதே என்று மட்டும் கேட்டார். வங்காளத்துக்காரர்கள் மாறி மாறி முன்வரிசையில் உட்கார்ந்து அவனிடம் அவன் மொழியில் பேசினார்கள். உள்ளூர்க்காரர்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்டபோது, மீன் விலையைச் சொன்னோம், மழை நிலவரத்தைச் சொன்னோம், வேறென்ன சொல்வது என்றார்கள்.

இத்தனை பேரில் கறுப்பு டவுசரைப் பார்க்க வந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் பெயர் மாலதி சர்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. வங்காளத்து இச்சாமதி ஆற்றங்கரையிலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, தமிழை ஊர்க்காரர்கள் பேசுகிற மாதிரியே பேசுவாள். கறுப்பு டவுசராக நடித்தது அவள் அண்ணன். நடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் நிஜமாகவே குத்துச்சண்டைக்காரன், பன்னிரண்டு வயதில் கையுறை மாட்டியவன், மாநிலப் போட்டி வரை போய்த் திரும்பி கல்கத்தாவில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்த்தவன். கதாநாயகனை நம்பும்படி அடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று படக்காரர்கள் தேடியபோது கிடைத்தவன். படத்தைப் பார்க்காதே என்று தங்கையிடம் போனில் சொல்லியிருந்தான். அவள் முதல் வாரமே பார்த்தாள், அண்ணன் முகம் பெரிதாகத் திரையில் வந்ததும் சந்தோஷத்தில் எழுந்து நின்று, “அது எங்க அண்ணன்!” என்று பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மாலதி என்ற பெயர் போயிற்று. “கறுப்பு டவுசர் தங்கச்சி வந்துட்டா, நிதாய ஒளிச்சு வெய்யுங்க” என்பான் லைன் சூப்பர்வைசர். மளிகைக் கடையில் கேலி, பஸ்ஸில் கேலி. அதையெல்லாம் அவள் சிரித்துத் தள்ளினாள். நிதாய் எழாமல் போனதும் கேலியும் நின்றது. அது அதைவிட மோசம். அடித்தது யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. திரையில் செருப்பு வந்து விழுந்தது, எல்லாம் கறுப்பு டவுசரின் மேல். அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மா அவளிடம் பண்டிகைப் பலகாரம் கொடுப்பதை நிறுத்தினார். செக்கிங் மேஜையில் அவளுக்கு எதிரே யாரும் உட்காரவில்லை. நிதாய் திரும்ப எழாவிட்டால் அண்ணனை இந்த ஊர் கொலைகாரன் என்றுதான் சொல்லும், அவனை அண்ணன் என்று சொல்லிக்கொண்டு தன்னால் இங்கே இருக்க முடியாது, அவனை அண்ணன் இல்லை என்று சொல்லவும் முடியாது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, தினமும் வேலை முடிந்ததும் தியேட்டருக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஈஸ்வரமூர்த்தி ஒரு முடிவோடு வந்தார். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் பொன்னுராஜைக் கையோடு கூட்டி வந்திருந்தார். மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர் அவர்.

“பாருங்க வாத்தியாரே. இவன் எந்திரிக்க வழி இருக்குதா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க.”

பொன்னுராஜ் வெகுநேரம் பார்த்தார். நிதாயைவிட நடுவரை அதிகம் பார்த்தார்.

“ரெஃபரி எட்டுல எதுக்கு நின்னாரு?”

“எங்களக் கேட்டா?”

“அவரு வலது கை எங்க காட்டுது பாருங்க. மூலையக் காட்டுது. ஒருத்தன் விழுந்தா, விழ வெச்சவன் மூலைக்குப் போயி நிக்கோணும். அவன் மூலைல நிக்கற வரைக்குந்தான் எண்ணலாம். மூலைய விட்டு வெளிய வந்தா, எண்ணறத நிறுத்திப்போடோணும். அது சட்டம்.”

எல்லோரும் கறுப்பு டவுசரைப் பார்த்தார்கள். மூலையின் திண்டிலிருந்து ஒரே ஒரு எட்டு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

“பாத்தீங்களா!” என்று குதித்தார் ஈஸ்வரமூர்த்தி. “உழுந்தவன மறுபடி அடிக்கறதுக்கு எட்டு வெச்சு நிக்கறான் பாருங்க. இத்தன நாளா அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறான், நாயி!”

“இல்லீங்க அண்ணா.”

மாலதி எழுந்து நடுவழியில் வந்து நின்றாள். நிதாய் எழாமல் போனதிலிருந்து அந்த அரங்கில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“எங்க அண்ணன் பன்னெண்டு வயசுல இருந்து ரிங்குல நிக்கறான். மூலைக்குப் போகோணும்னு அவனுக்குத் தெரியாதா? அடிக்கற ஆளு கைய எங்க வெப்பான்? வாத்தியார் நீங்களே சொல்லுங்க.”

“தாடைக்கு மேல வெப்பான்,” என்றார் பொன்னுராஜ்.

கறுப்பு டவுசரின் கைகள் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

“அவன் மூலைக்குப் போனா ரெஃபரி ஒம்பது சொல்லுவாரு, பத்து சொல்லுவாரு. அதுக்குள்ள இவன் எந்திரிக்கோணும். எந்திரிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?”

ஈஸ்வரமூர்த்தி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“ஒன்ஸ் மோர்னு கத்துவீங்க,” என்றாள் மாலதி. “மறுபடி அவனே இவன அடிக்கோணும். அடிச்சு அடிச்சு அவனுக்கும் போதும்னு ஆயிருச்சு. அதான் எண்ண விடாம நிக்கறான். இவன் படுக்கட்டும்னு நிக்கறான். படுத்துட்டு இருக்கறவனுக்கு எளநி வெச்சீங்க. நின்னுட்டு இருக்கறவன் காலப் பாத்தீங்களா?”

பார்த்தார்கள். திரையில் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்த அந்தக் கால்கள், பூட்ஸுக்கு மேலே, கெண்டைச்சதையில், இறுக்கிக் கட்டிய கயிறு காற்றில் அதிர்வதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் ஒரு வாரமாக நின்றுகொண்டிருந்தான். நின்று வேலை பார்க்கிற அந்தக் கூட்டத்துக்கு அதற்குமேல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டபுள் ஷிஃப்ட்டின் கடைசி மணியில் அந்த நடுக்கம் எங்கிருந்து தொடங்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பின்வரிசையில் ஓர் அயர்ன் மாஸ்டர் தன்னையறியாமல் தன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

“அவன் எத்தன நேரம் நிப்பான்?” என்று சம்பூர்ணம் மேலே ஜன்னலிலிருந்து கேட்டார்.

“நெம்ப நேரம் முடியாதுங்க,” என்றார் பொன்னுராஜ். “அவன் உழுந்தாலுஞ் சரி, சாஞ்சு மூலைல பட்டாலுஞ் சரி, ஒம்பது பத்து எண்ணிப்போடுவாங்க. எண்ணறதுக்கு முந்தி நிறுத்தோணும்னா ஒரே வழிதான். உழுந்தவனோட ஆளுக துண்டை உள்ள எறிஞ்சு, போதும்னு சொல்லோணும். அவன் சைடு மூலைல யாரு இருக்கறா?”

திரையில் நிதாயின் மூலையில் ஒரு முக்காலியும் ஒரு வாளியும் மட்டும் இருந்தன. ஆள் இல்லை. கதைப்படி அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் இடைவேளைக்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

“அவனுக்கு யாரும் இல்லைங்களே,” என்றார் சம்பூர்ணம்.

“நாம இருக்கறம்ல?” என்று யாரோ சொன்னார்கள். சொல்லிவிட்டு, எல்லோரும் பார்த்தது ஈஸ்வரமூர்த்தியின் தோளை.

ஈஸ்வரமூர்த்தி துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். “என்னப்பா எல்லாரும் இங்க பாக்கறீங்க? தோத்துட்டம்னு நானே சொல்றதா? மந்திரி வந்தப்பவே இந்தத் துண்டு தோள விட்டு எறங்கலை. ரண்டு மாசமா ஜெயிச்சவன் அவன். நூறு தடவ ஜெயிச்சவன். அவன் தோத்தான்னு எங் கையால எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?”

“நூறு தடவ ஜெயிச்சவனுக்கு ஒருக்கா தோக்க உரிமை இல்லீங்களா அண்ணா?” என்றாள் மாலதி.

“நீ உங்கண்ணன் ஜெயிக்கோணும்னு பேசற, அம்மிணி.”

“ஆமா. எங்கண்ணன் ஜெயிக்கோணும்னுதான் பேசறன். எனக்கு ஆசை இருக்காதா? அவனும் நூறு தடவ தோத்திருக்கறான். நீங்க ஒரு தடவயாச்சும் அவம் பேரக் கேட்டீங்களா? இந்த ஊர்ல எனக்கே பேரு இல்ல. நாளைக்கு ரயிலுக்குப் பெட்டி கட்டி வெச்சிருக்கறன். நீங்க எறிஞ்சாலும் எறியாட்டியும் நான் சொல்றது ஒண்ணுதான். அவங் கால் மடங்கறதுக்குள்ள சொல்லிருங்க.”

ஈஸ்வரமூர்த்தி திரையைப் பார்த்தார். நிதாயைப் பார்த்தார், பிறகு, அத்தனை வாரத்தில் முதல் தடவையாக, கறுப்பு டவுசரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் விழுந்து கிடப்பவனைப் பார்க்கவில்லை, நடுவரைப் பார்க்கவில்லை, நேராக அரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, பல்காப்பைக் கடித்திருந்ததால் வாய் பேச முடியாமல், சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட்டு முதலாளி அறை வாசலில் நிற்கிறவன் முகம்போல இருந்தது. வலது முழங்கால் ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. அரங்கு முழுக்க மூச்சை இழுத்துக்கொண்டது.

“பேரு என்ன, உங்கண்ணனுக்கு?”

“சுபல். சுபல் சர்தார்.”

ஈஸ்வரமூர்த்தி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், நாலாக மடித்தார், மடித்தது போதாதென்று உருட்டினார், திரைக்குப் பத்தடி தூரத்தில் போய் நின்று, “சுபலு, போதும்பா!” என்று, விசிலடித்தே பழகிய குரலில், கிட்டத்தட்ட அழுகிறாற்போல் கத்திவிட்டு வீசினார்.

துண்டு திரையில் பட்டு விழவில்லை. பறக்கும்போதே பிரிந்து, கயிறுகளுக்கு மேலாகப் போய், நீல விரிப்பில் நிதாயின் தலைமாட்டில் விழுந்தது. பச்சைக் கரை மேலாகத் தெரிந்தது. நடுவர் அதைப் பார்த்ததும் விரல்களை மடக்கி, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். சண்டை முடிந்தது. சுபல் கைகளைத் தூக்கவில்லை. நடக்க முடியாத கால்களோடு தவழ்கிற மாதிரி வந்து நிதாயின் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் வாயைத் திறந்து பல்காப்பை எடுத்தார், துண்டை உதறி அவன் நெற்றியைத் துடைத்தார். நிதாய் கண்ணைத் திறந்து, எதையோ கேட்டான். முன்வரிசையில் இருந்த வங்காளத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

“என்ன கேக்கறான்?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“மறுபடி எந்திரிக்கோணுமான்னு கேக்கறான்,” என்றாள் மாலதி. “வேண்டாம், வீட்டுக்குப் போலாம்ங்கறான் எங்கண்ணன்.”

நடுவர் சுபலின் கையை உயர்த்தினார். அரங்கு எழுந்து நின்று தட்டியது. அந்தச் சந்தோஷத்தில், எங்கோ நடுவரிசையில், பழக்க தோஷத்தில் ஒருவன் “ஒன்ஸ்...” என்று தொடங்கினான், பக்கத்திலிருந்தவர்கள் அவன் வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். பெயர்கள் ஓடி முடிந்து திரை வெள்ளையானதும் சம்பூர்ணம் மெஷினை நிறுத்தினார். அது நின்றது.

அந்தப் படம் பின்னர் வெகுநாள் எல்லா ஊர்களிலும் ஓடியது. மற்ற ஊர்களில் நிதாய் எட்டுக்கு எழுந்து ஜெயித்தான். செங்காட்டுப்பாளையத்தில் மட்டும், அதன் பிறகு போட்ட ஒவ்வொரு தடவையும், ஒரு துண்டு எங்கிருந்தோ பறந்து வந்து விழுந்தது, சுபல் சர்தார் ஜெயித்தார். அப்படித்தான் முடிய வேண்டும் என்று ஊர் எடுத்துக்கொண்டது. வேறு ஊரில் பார்த்துவிட்டு வந்து வேறு மாதிரி சொன்னவர்களை, பாதியில் எழுந்து வந்துவிட்டாய்போல என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி வெறுந்தோளோடு நடமாடப் பழகினார், யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மாலதி பெட்டியைப் பிரித்தாள். செக்கிங் மேஜையில் அவளுக்கு எதிரே ஆள் உட்கார்ந்தது.

2019 செப்டம்பர் 8 அன்று காலை சுபல் சர்தார் சென்னை ரயிலில் திருப்பூர் வந்து இறங்கினார். ஸ்டாண்டின் முதல் ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்காமல், பின்னால் நின்றிருந்தவரிடம் “மாலதியோட அண்ணன் வந்திருக்காரு” என்று சொல்லி, பையை வாங்கி வண்டியில் வைத்தார்.